கப்பல்காரர் பதில்கள்: அது எம்டன் குண்டு இல்லை, ஆச்சி

போன இதழில், 1942இல் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி போர்க்கப்பல் கேள்விகள். கப்பல் வேலைக்கு எப்படிச் சேருவது என்று கேட்டிருக்கும் தம்பிகள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கானாடுகாத்தான் வாசகி: எங்கள் வீட்டு முகப்பில் குடை வைக்கும் பித்தளைக் குழாய் ஒன்று இருக்கிறது. அது சென்னையில் எம்டன் கப்பல் போட்ட குண்டு என்று எங்கள் மாமனார் சொல்வார்கள். இப்போது காரைக்குடி பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு நல்ல விலை சொல்கிறார். உண்மையிலேயே எம்டன் குண்டுதானா? பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பதில்: ஆச்சி, கடிதத்திலேயே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் பித்தளையைத் தொட்டுப் பார்க்காமல் சொல்வது ஜாதகம் பார்க்காமல் பொருத்தம் சொல்வது மாதிரி. அதனால்தான் பஸ் பிடித்து நேரிலேயே வந்தேன். வெள்ளைப் பணியாரத்துக்காகப் போனீர்கள் என்று ஆசிரியர் கிண்டல் செய்கிறார். அது பாதிதான் உண்மை.

முதலில், அது குண்டே இல்லை. குண்டைத் தள்ளிவிட்ட மருந்து இருந்த கூடு. தீபாவளிக்கு ராக்கெட் விடுகிறோம். ராக்கெட் மேலே போய்விடும், பாட்டில் வாசலிலேயே நிற்கும். உங்கள் முகப்பில் குடையைத் தாங்கிக்கொண்டு நிற்பது பாட்டில். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே கடலில் நின்று அரை மணி நேரம்போலச் சுட்டது. நூற்றுச் சொச்சம் குண்டு. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையில் வந்து விழுந்தது குண்டு. கூடுகள் அத்தனையும் எம்டனின் தளத்தில்தான் உருண்டிருக்கும். சென்னையில் இருந்த ஒருவருக்கு எம்டனின் பித்தளைக் கூடு கிடைக்க வழியே இல்லை.

அப்புறம் வாய் அளவு. உங்கள் பேரனின் ஸ்கேலை வைத்து அளந்தோம் அல்லவா? 102 மில்லிமீட்டர், சரியாக நாலு அங்குலம். எம்டனில் இருந்த பத்துப் பீரங்கிகளும் 105 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்பீர்கள். பீரங்கியில் மூன்று மில்லிமீட்டர் என்றால் அது வேறு நாடு.

மிச்சத்தை அடிப்பாகம் சொல்லிவிட்டது. கவிழ்த்தபோது களிம்பு ஏறி ஒன்றுமே தெரியவில்லை. உங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொன்றாக வந்தது. முதலில் கோழிக்கால் மாதிரி மூன்று கோடு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்பு முத்திரை அது. உங்கள் வீட்டு அண்டாவிலும் குத்துவிளக்கிலும் விலாசம் வெட்டியிருக்கிறதே, அந்த மாதிரி. பக்கத்தில் நாலு அங்குலம் என்ற குறிப்பு. சற்றுத் தள்ளி சி.எஃப். என்று இரண்டு எழுத்து, முழு அளவு கார்டைட் மருந்து அடைத்தது என்று பொருள். சுட்ட கூட்டை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். கரைக்கு அனுப்பி, நெளிவு எடுத்து, மறுபடி மருந்து அடைத்து, அடைத்ததற்கு ஒரு முத்திரை போடுவார்கள். கடைசியாகத் தெரிந்தது வருஷம்: 1941. எம்டன் கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியக் குரூசர் (வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்) சிட்னியிடம் அடிவாங்கித் தரைதட்டியது 1914 நவம்பர் 9. உங்கள் பித்தளையை அடித்தது அதற்கு 27 வருஷம் கழித்து.

இதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அடையாளம் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. ஐ.என்.எஸ். மைசூர் குரூசரில் நான் நின்றது இதே நாலங்குல இரட்டைப் பீரங்கியின் பின்னால்தான். இதில் குண்டும் கூடும் ஒன்றாகப் பொருத்தியே வரும். முழுத் தோட்டா ஏறக்குறைய 30 கிலோ. அதில் பாதிக்கு மேல் குண்டின் எடை. ஆடுகிற கப்பலில் அதைக் கைக்குழந்தையை வாங்குவது மாதிரி அணைத்து வாங்கி, தட்டில் வைத்து, உள்ளே தள்ள வேண்டும். சுட்டதும் பின்கதவு திறந்து கூடு பின்பக்கம் எகிறும். வெறும் கை பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கென்று அஸ்பெஸ்டாஸ் கையுறை போட்ட ஒருவன் நிற்பான். அவன் கூட்டைப் பிடித்து ஓரமாக உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தோட்டா தூக்கி வருகிறவன் அதன்மேல் கால் வைத்து விழுவான். 1968இல் அந்தக் கையுறைக்காரன் நான்தான். உங்கள் முகப்பில் அந்தக் கழுத்தைத் தடவியபோது கையை இழுத்துக்கொண்டேன், கவனித்தீர்களா? பழக்கம்.

பெரிய பீரங்கியின் கூடு கிடைக்குமா என்று பேரன் கேட்டான். கிடைக்காது தம்பி. அந்தப் போர்க்காலப் பிரிட்டிஷ் குரூசர்களின் ஆறங்குல, எட்டங்குலப் பீரங்கிகளுக்குப் பித்தளைக் கூடே கிடையாது. மருந்தைப் பட்டுத் துணிப் பையில் கட்டி, குண்டுக்குப் பின்னால் தனியாகத் திணிப்பார்கள். பட்டு முழுக்க எரிந்துபோகும். பருத்தியாக இருந்தால் கனல் துணுக்கு உள்ளேயே தங்கும், அடுத்த பையைத் திணிக்கும்போதே பற்றிக்கொண்டு ஆளைத் தூக்கிவிடும். கண்டாங்கிக்கு அங்கே வேலை இல்லை.

உங்கள் மாமனார் 1948 வரை கொழும்பில் இருந்தார்கள் என்றும், போர் முடிந்து ஏலத்தில் நிறையச் சாமான் எடுத்தார்கள் என்றும் சொன்னீர்கள். அங்கேதான் வாங்கியிருப்பார்கள். ஊருக்கு வந்து இறங்கியதும் யாரோ ‘என்ன இது’ என்று கேட்டிருப்பார்கள். ‘எம்டன்’ என்று சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் இல்லையா?

விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். அடியில் நடுவே இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் சுட்டுத் தீர்ந்தது, பயமில்லை. ஆனால் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பரணில் இந்த மாதிரி ஒன்று முனையில் குண்டோடு கிடந்தால் தேய்க்காதீர்கள், தட்டாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்.

கோட்டையூர் வாசகர்: கெட்டிக்காரனையும் முரடனையும் ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். என் மனைவி என் அம்மாவையும் அப்படித்தான் சொல்கிறாள். இது சரியா?

பதில்: எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், பிடித்த கப்பல்களின் ஆட்களை இறக்கிப் பத்திரமாக அனுப்பிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார் என்று எதிரிகளே மெச்சினார்கள். உங்கள் மனைவி எதை நினைத்துச் சொன்னார் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் இதில் தலையிடுவதாக இல்லை.

தேவகோட்டை வாசகர்: 1942 ஈஸ்டர் அன்று இரண்டு பெரிய குரூசர்கள் கொழும்புத் துறைமுகத்தில் மூழ்கின என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஐயா அப்போது கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையன். துறைமுகத்தில் மூழ்கியது வேறு, பெரிய கப்பல்கள் நடுக்கடலில் போயின என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எது சரி?

பதில்: உங்கள் ஐயா சொன்னதுதான் சரி. தவறு என்னுடையது, கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். துறைமுகத்தில் போனவை டெனடோஸ் என்ற பழைய டெஸ்ட்ராயரும் (குரூசரைவிடச் சின்னப் போர்க்கப்பல்), ஹெக்டர் என்ற ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலும். பெரிய குரூசர்கள் டார்செட்ஷயர், கார்ன்வால் இரண்டும் போனது இலங்கைக்குத் தென்மேற்கே திறந்த கடலில். நாலு வரியில் தப்புப் பண்ணியதற்கு நாற்பது வரியில் ஈடு கட்டுகிறேன்.

இரண்டும் பிரிட்டனின் கவுண்டி வகைக் கப்பல்கள். கோட்டங்களின் பெயர் வைத்ததால் அப்படி. ஏறக்குறைய 630 அடி நீளம், மணிக்கு 32 நாட்டிக்கல் மைல் வேகம், மூன்று உயரமான புகைபோக்கி. பெரிய பீரங்கி எட்டு, ஒவ்வொன்றும் எட்டு அங்குல வாய். இரண்டிரண்டாக நான்கு சுழலும் கூண்டுகளில் இருக்கும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மாலுமிகள் அந்தக் கூண்டை டரட் என்போம். ஒரு குண்டு 116 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டையைக் கட்டி, அதன்மேல் ஒரு பை அரிசியையும் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் நின்று சுட்டால் திருமயம் கோட்டையைத் தாண்டிப் போய் விழும். இவை போக விமானத்தைச் சுடும் நாலங்குலப் பீரங்கிகள், ‘பாம்-பாம்’ என்று சத்தம் வைத்தே பெயர் வாங்கிய பல குழாய்த் துப்பாக்கிகள். டார்செட்ஷயரில் டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் ஓடிப்போய் வெடிக்கும் குண்டு, விடுகிற குழாய்கள் பக்கத்துக்கு நான்காக எட்டும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் யாரும் கிட்டே வரமாட்டார்கள்.

போரில் இரண்டும் சும்மா இருக்கவில்லை. டார்செட்ஷயர் கதையைக் கீழே காரைக்குடித் தம்பிக்குச் சொல்கிறேன். கார்ன்வால் 1941 மே 8 அன்று செஷல்ஸ் தீவுகளுக்கு வடக்கே ஒரு நார்வேக் கப்பலைத் துரத்தியது. அது நார்வேக் கப்பல் இல்லை, வேஷம் போட்ட ஜெர்மன் கொள்ளைக் கப்பல் பிங்குவின். நெருங்கியதும் திரையை விலக்கிச் சுட ஆரம்பித்தது. முதலில் அடிவாங்கியது கார்ன்வால்தான். டரட்டுகளைத் திருப்பும் மின்சாரமும் சொதப்பியது. சுதாரித்துக்கொண்டு அது சுட்ட குண்டு பிங்குவினின் கண்ணிவெடிக் கிடங்கில் விழுந்தது. கப்பலே வெடித்துச் சிதறியது. உள்ளே பிங்குவின் பிடித்து வைத்திருந்த கைதிகள் இருந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள், கைதிகளில் 22 பேர்தான் மிஞ்சினார்கள். வெற்றி என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கடைசி வரியில் போடுவார்கள். நான் முன்னாலேயே போடுகிறேன்.

1942க்கு வருவோம். சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்தது, ரங்கூன் மார்ச்சில். நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் கிட்டங்கியைப் பூட்டிய சாவியோடு நடந்து வந்துகொண்டிருந்த சமயம். அடுத்தது இலங்கை என்று எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் சாமர்வில் ஏப்ரல் முதல் தேதி ஜப்பான்காரன் வருவான் என்று கடலில் காத்திருந்தார். வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் குறைந்தன. மாலத்தீவின் தெற்கே அட்டு தீவுத் துறைக்குக் கப்பல்களைக் கொண்டுபோனார். போகும்போது, பாதியில் விட்ட பழுதுவேலையை முடிக்க டார்செட்ஷயரையும், பாதுகாப்பு வேலைக்காகக் கார்ன்வாலையும் கொழும்புக்கு அனுப்பினார்.

ஏப்ரல் 4 அன்று லியனார்ட் பிர்ச்சால் என்ற கனடாக்கார விமானி ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். தந்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டு வீழ்த்திப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் செய்தி வந்துவிட்டது. துறைமுகத்தைக் காலி செய்தார்கள். குரூசர்கள் இரண்டும் ராத்திரி பத்து மணிவாக்கில் தெற்கே கிளம்பின. அதனால்தான் மறுநாள் காலை கொழும்பில் குண்டு விழுந்தபோது அவை அங்கே இல்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பகலில் டோன் என்ற ஜப்பானியக் குரூசரின் மிதவை விமானம் இவற்றைக் கண்டுபிடித்தது. ஒரு மணி நாற்பதுவாக்கில் 53 விமானங்கள் வந்தன. எல்லாம் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிற ரகம். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, கப்பலின் மூக்குப் பக்கமாகப் பாய்ந்தன. அந்தத் திசையில்தான் விமானத்தைச் சுடும் பீரங்கிகள் சரியாகத் திரும்பாது. எட்டங்குலப் பீரங்கி நிமிஷத்துக்கு மூன்று நாலு தடவைதான் சுடும். விமானம் பாய்ந்து குண்டைப் போட்டுவிட்டு மேலே போக அரை நிமிஷம் போதும். இந்த வகையின் முதல் கப்பல்களைக் கட்டும்போது பெரிய பீரங்கியாலேயே விமானத்தையும் சுடலாம் என்று குழாயை 70 டிகிரி வரை தூக்க வசதி செய்திருந்தார்கள். வரைபடம் போட்டவர் கொசுவை உலக்கையால் அடித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

டார்செட்ஷயர்மேல் பத்துக் குண்டு விழுந்தது. அதில் ஒன்று வெடிமருந்துக் கிடங்கில். முதல் குண்டிலிருந்து மூழ்கும் வரை எட்டு நிமிஷம். சட்டியில் ஒன்றிரண்டு ஈடு பணியாரம் எடுக்கிற நேரம். கார்ன்வால் அதற்குப் பிறகு பத்து நிமிஷம் தாங்கியது.

டார்செட்ஷயரின் கேப்டன் அகஸ்டஸ் அகர் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1919இல் பால்டிக் கடலில், நம் மீன்பிடி விசைப்படகு அளவுகூட இருக்குமோ இருக்காதோ, அப்படி ஒரு டார்பிடோப் படகை ஓட்டிப்போய் ரஷ்யாவின் ஓலெக் என்ற குரூசரை மூழ்கடித்தவர் அவர். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார். 23 வருஷம் கழித்து அவருடைய குரூசரைச் சின்ன விமானங்கள் மூழ்கடித்தன. தண்ணீரில் விழுந்து மூச்சு முட்டி மேலே வந்தவர், ஆட்களைச் சிதறாமல் ஒன்றுசேர்த்துக் காப்பாற்றினார். காயம்பட்டவர்கள் மிஞ்சிய படகுகளில், மற்றவர்கள் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில். ஏப்ரல் மாத வெயில் நமக்குத் தெரியும். அதை நிழலே இல்லாத கடலில் நினைத்துப் பாருங்கள். ஒரு ராத்திரி போய் மறுநாள் சாயங்காலம்தான் என்டர்பிரைஸ் குரூசரும் பாலடின், பாந்தர் என்ற இரண்டு டெஸ்ட்ராயர்களும் வந்தன. ஏறக்குறைய முப்பது மணி நேரம். 1,122 பேரைத் தூக்கினார்கள். 424 பேர் போய்விட்டார்கள்.

ஜப்பான் பக்கத்தில் எட்டங்குலப் பீரங்கிகள் அந்த வாரம் சும்மா இல்லை. அதே ஏப்ரல் முதல் வாரத்தில் அட்மிரல் ஒசாவா, சோக்காய் என்ற கனரக குரூசரில் கொடி கட்டிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் வந்தார். துணைக்கு வேறு சில குரூசர்களும் ரியூஜோ என்ற விமானந்தாங்கியும். சில நாளில் இருபதுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது அப்போதுதான். ஆயுதம் இல்லாத சரக்குக் கப்பலுக்கு எதிரே குரூசர் இன்னும் ராஜாதான்.

உங்கள் ஐயா அந்த வாரமே தலைமன்னாரில் படகேறி தனுஷ்கோடி வழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியடியில் இருந்த பேரேட்டையும் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

புதுவயல் வாசகர்: ‘கனரக குரூசர்’ என்றால் எடை அதிகமா?

பதில்: பெயர்தான் அப்படி. 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்தில் குரூசர் 10,000 டன்னுக்கும் எட்டங்குலப் பீரங்கிக்கும் மேல் போகக்கூடாது என்று கோடு போட்டார்கள். 1930இல் லண்டனில் அதையே இரண்டாகப் பிரித்தார்கள்: பீரங்கி வாய் 155 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் கனரகம், அதற்குள் என்றால் இலகுரகம். ஆகவே வாயை வைத்துத்தான் பெயர், உடம்பை வைத்து இல்லை. எங்கள் மைசூர் ஆறங்குலக் கப்பல், ஏட்டில் இலகுரகம். 555 அடிக்கப்பலை விடியற்காலையில் தேய்த்துக் கழுவியவனிடம் வந்து இலகுரகம் என்று சொல்லிப் பாருங்கள்.

காரைக்குடி கல்லூரி மாணவர்: பிஸ்மார்க் போர்க்கப்பலை மூழ்கடித்தது டார்செட்ஷயர்தானா? ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே?

பதில்: இரண்டும் சரி. 1941 மே 27 காலையில் ராட்னி, ஐந்தாம் கிங் ஜார்ஜ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிஸ்மார்க்கை நொறுக்கிவிட்டன. பீரங்கி எல்லாம் ஊமையாகிவிட்டது, ஆனால் கப்பல் மிதந்துகொண்டே இருந்தது. கிட்டே போய் டார்செட்ஷயர் மூன்று டார்பிடோ விட்டது, ஒரு பக்கம் இரண்டு, சுற்றிப்போய் மறுபக்கம் ஒன்று. அதே நேரத்தில் உள்ளே ஜெர்மானியர்கள் கடல்நீர்க் கதவுகளைத் திறந்து வெடி வைத்தார்கள். பத்தே முக்காலுக்கு முன்னாலேயே கப்பல் போய்விட்டது. என் கட்சி என்ன என்றால், பானை ஏற்கெனவே உடைந்தாயிற்று, கடைசி ஓட்டை யார் போட்டது என்று கேட்டு என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க மறந்துவிட்டீர்கள். டார்செட்ஷயர் கயிறு போட்டு ஆட்களை ஏற்றியது. சுமார் 85 பேர் ஏறியிருப்பார்கள், நீர்மூழ்கி என்று யாரோ கத்தினார்கள். கேப்டன் மார்ட்டின் கப்பலைக் கிளப்பச் சொன்னார். நூற்றுக்கணக்கானவர்கள் தண்ணீரிலேயே விடப்பட்டார்கள். 2,200க்கு மேற்பட்டவர்களில் மொத்தம் பிழைத்தது 115 பேர்தான். நின்றிருந்தால் டார்செட்ஷயரும் போயிருக்கலாம். ஒரு வருஷத்துக்குள் அதே கப்பலின் ஆட்கள் வேறு கடலில், வேறு தண்ணீரில், யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

பள்ளத்தூர் வாசகி: எங்கள் அப்பத்தா பினாங்கில் பிறந்தவர்கள். போர் முடிகிற சமயம் பினாங்குக்கு வெளியே ஒரு பெரிய ஜப்பான் கப்பல் மூழ்கியது என்பார்கள். அது என்ன கப்பல்?

பதில்: ஹகுரோ. பத்து எட்டங்குலப் பீரங்கி கொண்ட கனரக குரூசர். 1942 பிப்ரவரி 27 ஜாவாக் கடல் சண்டையில் எக்ஸிட்டர் என்ற பிரிட்டிஷ் குரூசரை முடமாக்கியதும், டி ராய்ட்டர் என்ற டச்சுக் குரூசரை டார்பிடோவால் மூழ்கடித்ததும் இதுதான். அப்போது அதன் பெயரைக் கேட்டால் நடுங்கினார்கள்.

1945 மே மாதம் அதன் நிலைமையைப் பாருங்கள். அந்தமானில் மாட்டிக்கொண்ட ஜப்பானியப் படைக்குச் சாப்பாடு கொண்டுபோகக் கப்பல் இல்லை. ஹகுரோவின் டார்பிடோக்களை இறக்கிவிட்டார்கள், பீரங்கிக் குண்டிலும் பாதியை இறக்கினார்கள், அந்த இடத்தில் சரக்கை ஏற்றினார்கள். குரூசரை லாரி ஆக்கினார்கள். மே 16 விடியுமுன், மழையும் மின்னலுமாக இருந்த இருட்டில், கேப்டன் பவர் தலைமையில் சாமரஸ், வீனஸ், விராகோ, விஜிலன்ட், வெருலம் என்ற ஐந்து பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர்கள் நாலா பக்கமும் சூழ்ந்துகொண்டு டார்பிடோ விட்டன. ஹகுரோ சுட்ட குண்டு சாமரஸின் கொதிகலன் அறையில் புகுந்தது. ஆனாலும் ஹகுரோ தப்பவில்லை. சுமார் 900 பேர் இறந்தார்கள். ஹகுரோவோடு கூட வந்த டெஸ்ட்ராயரின் பெயர் காமிகாஸே, தற்கொலைத் தாக்குதல் விமானிகளுக்கு வைத்த அதே பெயர். அந்தப் பெயருக்கு நேர்மாறாக, அது திரும்பி வந்து 300க்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. இடம் பினாங்கிலிருந்து சுமார் ஐம்பது மைலுக்கு அப்பால். 2003இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தபோது கப்பல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. அப்பத்தா சொன்னது கதை இல்லை.

கண்டனூர் பள்ளி மாணவி: தாத்தா, நீங்கள் 1971 போரில் சுட்டீர்களா?

பதில்: இல்லை அம்மா. சுடத் தயாராக நின்றேன்.

எங்கள் மைசூர் பழைய பிரிட்டிஷ் கப்பல், நைஜீரியா என்று பெயர். 1942 ஆகஸ்ட் 12 அன்று மால்டாவுக்குப் போகும் வழியில் ஆக்ஸும் என்ற இத்தாலிய நீர்மூழ்கி ஒரே வரிசையில் விட்ட டார்பிடோக்கள் மூன்று கப்பல்களைத் தாக்கின. அதில் ஒன்று நைஜீரியா. 52 பேர் செத்தார்கள். அதைச் சரிபண்ணி, பிறகு இந்தியா வாங்கி, 1957இல் மைசூர் என்று பெயர் வைத்தது. ஆறங்குலப் பீரங்கி ஒன்பது, நாலங்குலம் எட்டு. 1961 டிசம்பரில் கோவா விடுதலையின்போது அஞ்சிதீவில் நம் ஆட்கள் இறங்கியபோது அது சுட்டது. நான் அப்போது உன் வயதுப் பையன்.

1971இல் நாங்கள்தான் மேற்குக் கடற்படையின் கொடிக்கப்பல், ரியர் அட்மிரல் குருவில்லா எங்கள் கப்பலில்தான் இருந்தார். விளக்கு அணைத்து, தலையில் இரும்புத் தொப்பி போட்டு, பீரங்கியடியிலேயே பூரியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டு நின்றோம். டிசம்பர் 4 ராத்திரி கராச்சியை அடித்தது யார் தெரியுமா? நிர்காட், நிபட், வீர் என்ற மூன்று சின்ன ஏவுகணைப் படகுகள். எங்கள் கப்பலின் தளத்தில் கவிழ்த்து வைத்துவிடலாம் போல இருக்கும் அவை. செய்தி வந்தபோது எங்கள் டரட்டில் இருந்த சீனியர் ஒருவர், ஒன்பது குழாயையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார்.

1985இல் மைசூரைப் பணியிலிருந்து விலக்கினார்கள். நைந்துபோனது என்று தள்ளிவிட்ட அந்தக் கையுறையில் ஒன்று இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. பணியாரச் சட்டி இறக்கத் தோதாக இருக்குமே என்று வீட்டில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். அஸ்பெஸ்டாஸ் தூசி மூச்சுக்கு ஆகாது. பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், கொடுக்கவில்லை.